பன்னாட்டு அஞ்சலின் செலவுக் கணக்கு: ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆய்வை எப்படிச் செய்வது, எப்படிப் படிப்பது

வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு சிறு பொதியைக் கொண்டுசேர்க்க அஞ்சல் நிறுவனத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்ற கேள்விக்கு எந்தப் பேரேட்டிலும் நேரடியான விடை இருக்காது. அந்தப் பொதியைச் சுமக்கும் தபால்காரரும் வண்டியும் பிரிப்பு எந்திரமும் உள்நாட்டு அஞ்சலையும் சேர்த்தே சுமப்பதால், சம்பளமும் எரிபொருளும் மொத்தமாகத்தான் பதிவாகின்றன. அந்த மொத்தத்திலிருந்து பன்னாட்டு அஞ்சலின் பங்கைப் பிரித்தெடுக்கும் விதிகளின் தொகுப்பே செலவுக் கணக்கீட்டு முறை எனப்படுகிறது. விதி ஒன்று சற்று மாறினாலும் லாபத்தில் இருந்த சேவை ஏட்டளவில் நஷ்டத்துக்குப் போய்விடும் என்பதால், அஞ்சல் நிறுவனம் அதைத் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ள விடாமல் ஒழுங்குமுறை ஆணையங்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் ஆய்வு செய்கின்றன. அத்தகைய ஆய்வைப் பகுப்பாய்வாளராகச் செய்பவரும், கருத்துத் தெரிவிக்கும் தரப்பாக அதில் கலந்துகொள்பவரும் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே காணலாம்.

பணம் எந்தத் திசையில் போகிறது?

முறையைத் தொடுவதற்கு முன் பணத்தின் வழியைத் தாளில் வரைந்துகொள்வது நல்லது. வெளிச்செல்லும் அஞ்சலுக்கு அனுப்புநர் தன் நாட்டு அஞ்சல் நிறுவனத்திடம் கட்டணம் செலுத்துகிறார். அதிலிருந்து அந்நிறுவனம் சேகரிப்பு, பிரிப்பு, விமானப் போக்குவரத்து ஆகியவற்றுக்குச் செலவிட்டு, சேருமிட நாட்டின் அஞ்சல் நிறுவனத்துக்கும் ஒரு தொகை தருகிறது. உள்வரும் அஞ்சலில் இது அப்படியே தலைகீழாகும்: அனுப்புநரின் கட்டணம் ஒரு காசுகூட இங்கு வந்துசேராது, அயல்நாட்டு நிறுவனம் தரும் அந்தத் தொகை மட்டுமே வருமானம். கடிதவகை அஞ்சலுக்கு இதை டெர்மினல் டியூஸ், அதாவது முனையக் கட்டணம், என்று துறையில் சொல்வார்கள். பார்சலுக்கு உள்வரு நிலவழிக் கட்டணம் என்ற தனி ஏற்பாடு உண்டு.

முனையக் கட்டணத்தின் வரலாறு ஆய்வாளருக்கு உதவும். 1874-இல் பெர்ன் நகரில் ஒப்பந்தமாகி, பின்னர் உலக அஞ்சல் ஒன்றியம் என்று பெயர் பெற்ற அமைப்பில், ஒவ்வொரு நாடும் தான் வசூலித்த கட்டணத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடே நெடுங்காலம் இருந்தது. ஒரு கடிதம் போனால் பதில் கடிதம் ஒன்று வரும், எனவே செலவு இரு பக்கமும் சரியாகிவிடும் என்பது அதன் பின்னிருந்த எண்ணம். போக்கும் வரவும் சமமாக இல்லாதபோது அந்த எண்ணம் நிலைக்கவில்லை; 1969-ஆம் ஆண்டு டோக்கியோ மாநாடு முனையக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டது, 1971-இல் அது நடைமுறைக்கு வந்தது. அந்த விகிதங்களை நாடுகள் பேசித் தீர்மானித்தன என்பதையும், சேருமிட நாட்டின் உண்மையான செலவை ஒட்டியே அவை எல்லா நேரத்திலும் அமைந்துவிடவில்லை என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். இணைய வணிகத்தால் சிறு பொதிகள் பெருகியபோது அந்த இடைவெளி வெளியே தெரிந்தது. அமெரிக்கா 2018 அக்டோபரில் ஒன்றியத்திலிருந்து விலகப்போவதாக அறிவித்ததும், 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் கூடிய சிறப்பு மாநாடு, சிறு பொதிகளுக்கான கட்டணத்தை நாடுகள் வரம்புக்கு உட்பட்டுத் தாமே அறிவித்துக்கொள்ள வழிவிட்டதும் அதன் தொடர்ச்சியே.

ஒழுங்குமுறை ஆணையத்துக்கு இதன் பொருள் எளிமையானது. உள்வரும் கடிதவகை அஞ்சலில் வருமானத்தை, அல்லது அதன் வரம்பை, நிர்ணயிப்பது பன்னாட்டு ஒப்பந்தம். உள்நாட்டு ஆணையத்தின் கைக்குள் இருப்பது பெரும்பாலும் செலவுப் பக்கமே. நஷ்டம் எவ்வளவு என்று அரசு அறிந்து, அடுத்த மாநாட்டில் பேச வேண்டுமானால், செலவுக் கணக்கு நம்பத்தக்கதாக இருந்தாக வேண்டும்.

சட்டம் கேட்பது எதை?

அடுத்து, சட்டத்தின் வாசகத்தை எடுத்து மேசைமேல் வைத்துக்கொள்ள வேண்டும்; ‘செலவு’ என்ற சொல்லுக்கு நாட்டுக்கு நாடு பொருள் வேறு. அமெரிக்காவில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் நம்பகமாக அடையாளம் காணப்பட்ட காரண-விளைவுத் தொடர்பின் வழியாக ஒரு சேவையைச் சாரும் செலவுகளையே அதன் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. அத்தகைய தொடர்பு இல்லாத செலவு நிறுவனத்தின் பொதுச் செலவாகவே நிற்கும். அதை எல்லாச் சேவைகளின் தலையிலும் விகிதப்படி கட்டிவிட முடியாது. போட்டிச் சந்தையில் உள்ள ஒவ்வொரு சேவையும் தன்னைச் சாரும் செலவை ஈட்டியாக வேண்டும், ஏகபோகச் சேவைகளின் பணம் அதைத் தாங்கக்கூடாது என்பதும் அச்சட்டத்தின் விதி.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 1997-ஆம் ஆண்டின் அஞ்சல் நெறிமுறை வேறு வழியில் செல்கிறது. நேரடியாகச் சார்த்தக்கூடியதை நேரடியாகச் சார்த்த வேண்டும். பொதுச் செலவை அது எழுந்த காரணத்தை ஆராய்ந்து பகிர வேண்டும். அது இயலாதபோது ஒத்த அமைப்புள்ள வேறொரு செலவோடு தொடர்புபடுத்திப் பகிர வேண்டும். அதுவும் இயலாவிட்டால், ஏற்கெனவே சார்த்தப்பட்ட செலவுகளின் விகிதத்தில் மிச்சத்தைப் பிரிக்கலாம். கடைசிப் படியை நாடும் செலவு எவ்வளவு பெரிது என்பதே அங்கு ஆய்வாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அந்தப் படியில் விழும் தொகை பெருகப் பெருக, கணக்கு வெறும் விகிதாசாரப் பங்கீடாகிவிடும். கணக்கு விதிப்படி இருக்கிறதா என்பதை அஞ்சல் நிறுவனத்தைச் சாராத தகுதியுள்ள ஓர் அமைப்பு சரிபார்க்க வேண்டும் என்பதும் அந்த நெறிமுறையில் உண்டு.

காரணத்தைச் சோதிக்கும் விதம்

ஆய்வின் உயிர்நாடி இந்தப் பகுதிதான், பெரும்பாலான நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும். ஒவ்வொரு செலவுத் தொகுதிக்கும் இரண்டு கேள்விகள் உண்டு. அஞ்சலின் எண்ணிக்கை கூடினால் இந்தச் செலவு எந்த அளவுக்குக் கூடும்? அப்படிக் கூடும் பகுதியில் பன்னாட்டு அஞ்சலின் பங்கை எந்த அளவுகோலால் பிரிப்பது? முதல் கேள்விக்குப் புள்ளியியல் ஆய்வுகள் விடை தரும். இரண்டாவதற்கு மாதிரிக் கணக்கெடுப்பே வழி: குறிப்பிட்ட நேரத்தில் ஓர் ஊழியர் எதைக் கையாண்டுகொண்டிருந்தார் என்று ஆயிரக்கணக்கான முறை பதிவுசெய்து, அந்தப் பதிவுகளின் விகிதத்தில் சம்பளச் செலவைப் பகிர்வார்கள்.

அளவுகோல் எவ்வளவு தூரம் விடையை மாற்றும் என்பதைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டில் போட்டுப் பார்ப்போம். பிரிப்புப் பணியின் மொத்தச் செலவு 10 கோடி. அதில் எண்ணிக்கையோடு ஏறி இறங்குவது 8 கோடி. மொத்தம் 1,000 பதிவுகளில் 800-இல் கையிலிருந்த பொருள் இன்னதென்று தெரிந்தது. மீதி 200-இல் ஊழியர் பலவகை அஞ்சல் கலந்த பெட்டியையோ தள்ளுவண்டியையோ நகர்த்திக்கொண்டிருந்தார். தெரிந்த 800-இல் உள்வரும் சிறு பொதி 24 முறை வந்தது. கலப்புப் பதிவுகளையும் இதே விகிதத்தில் பகிர்ந்தால் சிறு பொதியின் பங்கு 3 சதவீதம், அதாவது 24 லட்சம். பொதிகள் 10 லட்சம் என்றால், ஒன்றுக்கு 2.40 ஆகிறது. முனையக் கட்டணம் ஒன்றுக்கு 3 வந்தால் இந்தப் பணியளவில் மிச்சமுண்டு.

இப்போது அதே பதிவுகளை இடவாரியாகப் பிரிப்போம். வெளிநாட்டு அஞ்சல் நாட்டுக்குள் வந்திறங்கும் இடமான அயல்நாட்டு அஞ்சல் நிலையத்தில் எடுத்தவை 100. அவற்றில் 50 தெரிந்தவை, 50 கலப்பு. தெரிந்த 50-இல் 20 சிறு பொதிகள். மற்ற நிலையங்களில் தெரிந்தவை 750, அவற்றில் சிறு பொதி வெறும் 4, கலப்பு 150. அந்தந்த இடத்துக் கலப்பை அந்தந்த இடத்து விகிதத்திலேயே பகிர்ந்தால், அயல்நாட்டு நிலையத்தில் மேலும் 20-உம் மற்ற இடங்களில் 0.8-உம் சேர்ந்து மொத்தம் 44.8 ஆகிறது. பங்கு 4.48 சதவீதம்; செலவு 35.84 லட்சம், பொதி ஒன்றுக்கு 3.58. பதிவுகளில் ஒன்றுகூட மாறவில்லை, ஆனால் மிச்சம் பற்றாக்குறையாகிவிட்டது. பையும் பெட்டியுமாகச் சரக்கு குவியும் நிலையத்தில் கலப்புப் பதிவு அதிகமாக இருப்பது இயல்பு என்பதால் இரண்டாவது முறையே காரணத்துக்கு நெருக்கமானது.

ஆனால் உடனே கையெழுத்திட்டுவிடக் கூடாது. 1,000-இல் 24 என்பது மிகச் சிறிய எண். மாதிரிப் பிழையை 95 சதவீத நம்பகத்தில் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 15-இலிருந்து 33 வரை எங்கு வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். உள்நாட்டு அஞ்சலுக்காக வடிவமைத்த மாதிரி, பன்னாட்டு அஞ்சல் போன்ற சிறிய பிரிவில் தடுமாறுவது வழக்கம். எனவே முறையை மாற்றக் கோரும் முன்மொழிவோடு பிழை வரம்பையும், பல ஆண்டுகளின் பதிவுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கையும் கேட்டு வாங்க வேண்டும்.

விநியோகச் செலவில் இந்தத் தடுமாற்றம் இன்னும் கூடும். தபால்காரரின் பையில் உள்நாட்டுப் பொதியையும் வெளிநாட்டுப் பொதியையும் பிரித்தெண்ணுவது கடினம் என்பதால், உள்நாட்டுப் பொதியின் அலகுச் செலவையே பதிலியாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. பதிலி ஒப்புக்கொள்ளத்தக்கதுதான், ஆனால் எடை, வடிவம், கையொப்பம் பெறும் தேவை ஆகியவை ஒத்திருப்பதற்குச் சான்று வேண்டும். பதிலியை ஆதரித்து வரும் மனுவில் இந்தச் சான்று ஒரு வரியில் முடிந்திருந்தால் அங்கேயே நின்று கேள்வி கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

தீர்வுக் கணக்கு என்ற தனிச் சிக்கல்

அயல்நாட்டு நிறுவனத்துக்குத் தரும் தொகை உள்நாட்டுச் செலவைப் போல மாதிரியால் பிரிக்க வேண்டியதில்லை; நாடுவாரியாகக் கணக்கு இருக்கிறது. சிக்கல் காலத்தில் உள்ளது. இறுதிக் கணக்கு ஆண்டு முடிந்து நெடுநாள் கழித்தே தீரும். எனவே பேரேட்டில் இந்த ஆண்டு பதிவான தொகையில் பழைய ஆண்டுகளின் திருத்தங்களும் கலந்திருக்கும். அதைத் தவிர்க்க, இந்த ஆண்டு அனுப்பிய எடையையும் எண்ணிக்கையையும் நடப்பு விகிதத்தால் பெருக்கிக் கணிக்கும் முறை ஒன்று உண்டு. சேவைவாரி லாப நஷ்டத்துக்குக் கணிப்பு முறையே பொருத்தமானது என்றாலும், அதன் மொத்தத்தைப் பேரேட்டு மொத்தத்தோடு பொருத்திக் காட்டும் அட்டவணை இல்லாமல் அதை ஏற்கலாகாது.

விகிதங்கள் எஸ்.டி.ஆர். என்ற பன்னாட்டுச் செலாவணி நிதியத்தின் கணக்கலகில் குறிக்கப்படுவதால், எந்த நாளின் மாற்று விகிதம் பயன்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். கட்டணம் உருப்படிக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவு என்று இரண்டாகப் பிரிந்திருப்பதால், ஒரு கிலோவில் எத்தனை உருப்படி என்ற மாதிரிக் கணக்கும் முக்கியம். அது பழையதாக இருந்தால் இருபக்கக் கணக்குமே கோணலாகும்.

கோப்பு நகரும் முறை

நடைமுறைக்கு அமெரிக்க அஞ்சல் ஒழுங்குமுறை ஆணையம் நல்ல மாதிரி, ஏனென்றால் அங்கே பெரும்பகுதி வெளிப்படையாக நடக்கிறது. நிதியாண்டு செப்டம்பர் 30-இல் முடிகிறது. அடுத்த 90 நாட்களுக்குள் அஞ்சல் துறை ஆண்டறிக்கை தர வேண்டும், அதன்பின் 90 நாட்களுக்குள் ஆணையம் தன் தீர்மானத்தை வெளியிட வேண்டும். அறிக்கையில் ஆணையம் ஏற்றுக்கொண்ட முறைகளை மட்டுமே பயன்படுத்தலாம். முறையை மாற்ற விரும்பினால் அஞ்சல் துறை மட்டுமன்றி அக்கறையுள்ள எவரும் மனுச் செய்யலாம். நடப்பு முறை எது, அதன் குறை என்ன, எப்படித் திருத்துவது என்பவற்றை மனு சொல்ல வேண்டும், இயன்றவரை செலவின் மீதான தாக்கத்தின் மதிப்பீட்டையும் தர வேண்டும். ஆணையம் அறிவிக்கை வெளியிட்டு, பொதுமக்களின் நலனுக்காக ஓர் அலுவலரை நியமித்து, கருத்துகளைப் பெறுகிறது. ஐயமுள்ள இடங்களில் தலைவரின் பெயரில் எழுத்துக் கேள்விகள் போகின்றன.

அந்தக் கேள்விகளை எழுதும் விதத்தில்தான் ஆய்வின் தரம் தெரியும். ‘முறையை மேலும் விளக்குக’ என்று கேட்டால் ஒரு பத்தி விளக்கமே திரும்பி வரும். ‘இந்த விரிதாளின் இந்தக் கட்டத்தில் உள்ள எண் எந்த மூலத்திலிருந்து வந்தது, சென்ற ஆண்டு அது எவ்வளவு, மாறியதற்குக் காரணம் என்ன’ என்று கேட்டால் எண் வரும். சூத்திரம் நீக்கி மதிப்பு மட்டும் ஒட்டிய விரிதாளை ஏற்காமல், மூலத் தரவிலிருந்து இறுதி எண் வரை தானே மீண்டும் கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய கோப்பைக் கேட்க வேண்டும். நாடுவாரி அளவுகளும் இருதரப்பு ஒப்பந்த விலைகளும் வணிக ரகசியமாகத் தாக்கலாவதால், வெளியாள் அவற்றைப் பார்க்கக் காப்பு நிபந்தனைகளை ஏற்று விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். கருத்துக் காலம் தொடங்கிய அன்றே விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம்.

தாக்க அட்டவணையை மட்டும் கடைசியில் திறக்க வேண்டும். எந்தச் சேவையின் செலவு ஏறுகிறது, எது இறங்குகிறது என்பதை முதலிலேயே பார்த்துவிட்டால், காரண ஆய்வு தன்னையறியாமல் ஒரு பக்கம் சாயும். போட்டிச் சேவைகளின் செலவு மட்டும் இறங்குமாறு மூன்று மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தால் அதைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் நிராகரிக்க அது மட்டும் போதாது, ஒவ்வொன்றிலும் காரணத் தொடர்பு எங்கே அறுபடுகிறது என்று காட்டியாக வேண்டும்.

முறை ஏற்கப்பட்டதும் கோப்பை மூடிவிடாமல், அடுத்த ஆண்டறிக்கையில் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: புதிய முறை உண்மையாகவே பயன்பட்டதா, ஒப்பிடுவதற்காக முந்தைய ஆண்டின் எண்களும் அதே முறையில் மறுபடி போடப்பட்டனவா, மனுவில் சொன்ன தாக்கமும் நடந்த தாக்கமும் எவ்வளவு விலகுகின்றன. கடைசி விலகல் பிழை வரம்பைத் தாண்டியிருந்தால், அடுத்த எழுத்துக் கேள்வியை அங்கிருந்து தொடங்கலாம்.