கைட்டோசான் சோதனை: பாக்டீரியாவைக் கொன்றது பாலிமர்தானா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறால், நண்டு ஓட்டுக் கைட்டினை அடர்ந்த காரத்தில் சூடாக்கி அசிட்டைல் தொகுதிகளை நீக்கினால் கைட்டோசான் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறு (பாலிமர்) கிடைக்கும். காயக்கட்டுகளில் இது ஏற்கெனவே பயன்படுகிறது. ஆனால் ஆய்வகத்தில் "பாக்டீரியாவை நன்றாகக் கொல்கிறது" என்று எழுதப்படும் முடிவு பல சமயம் பாலிமரின் வேலையே அல்ல. "கொல்லவில்லை" என்று ஒதுக்கப்படும் பாலிமர் வேறொரு சோதனையில் நன்றாக வேலை செய்யும்.

முதலில் அமிலம். மாற்றம் செய்யாத கைட்டோசானை 1% அசிட்டிக் அமிலத்தில் கரைப்பது வழக்கம். அந்த அமிலமே ஈ.கோலையையும் ஸ்டாஃபைலோகாக்கஸையும் அடக்கும். ஒப்பிட்டுப் பார்க்கும் கன்ட்ரோலுக்கு வெறும் தண்ணீர் வைத்தால் அமிலம் செய்த வேலையும் பாலிமர் கணக்கில் ஏறிவிடும். அதே அமில அளவு, அதே பிஎச், பாலிமர் மட்டும் இல்லாத வரிசை ஒன்று கட்டாயம் வேண்டும். அமிலத்துக்குப் பயந்து பிஎச்சை 7.4-க்கு ஏற்றினாலும் சிக்கல்தான். அமினோ தொகுதிகளின் பிகேஏ (பாதித் தொகுதிகள் மின்சுமை ஏற்றிருக்கும் பிஎச்) சுமார் 6.5; அதைத் தாண்டியதும் பாக்டீரியாவைப் பிடிக்கும் நேர்மின்சுமை குறைந்து பாலிமர் வீழ்படிவாகிவிடும். உடலின் பிஎச்சிலும் மின்சுமை நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான் ட்ரைமெத்தில் கைட்டோசான் போன்ற குவாட்டர்னரி (பிஎச் ஏறினாலும் நேர்மின்சுமை நீங்காத) வகைகளைச் செய்கிறோம். கார்பாக்ஸிமெத்தில் வகையும் தண்ணீரில் கரையும், ஆனால் எதிர்மின்சுமை கொண்டது. கரைகிறது என்பதற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அகர் தட்டில் குழி வெட்டிக் கரைசலை ஊற்றி, பாக்டீரியா வளராத வளையத்தை அளந்து முடிவு சொல்வது இரண்டாவது தவறு. நீண்ட சங்கிலி அகருக்குள் எளிதில் பரவாது. அகரிலுள்ள எதிர்மின் தொகுதிகளும் அதைப் பிடித்துக்கொள்ளும். சின்ன மூலக்கூறான அசிட்டிக் அமிலமோ தாராளமாகப் பரவும். ஆக, வளையம் வந்தால் அமிலத்தைச் சந்தேகிக்க வேண்டும். வராவிட்டால் பாலிமரைக் குறை சொல்ல முடியாது. பிராத் மைக்ரோடைல்யூஷன்தான் (சிறு குழிகளில், பாலிமரைப் பல செறிவுகளில் கலந்த பிராத் என்ற திரவ ஊடகத்தில் பாக்டீரியாவை வளர்த்துப் பார்ப்பது) சரியான வழி: மி.லி.க்கு 5 லட்சம் பாக்டீரியா, 35 டிகிரி, 16 முதல் 20 மணி நேரம்.

அதிலும் கண்ணை நம்பாதீர்கள். பாலிமர் பிராத்திலுள்ள புரதத்தோடு சேர்ந்து கலங்கும். பாக்டீரியா வளர்ந்தது போலத் தெரியும். பாக்டீரியா போடாமல் பாலிமரும் பிராத்தும் மட்டும் கொண்ட குழிகளை ஒவ்வொரு செறிவுக்கும் வையுங்கள். தெளிவாக இருக்கும் குழியிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுத்துத் தட்டில் பரப்பிப் பாருங்கள். இங்கும் ஒரு பொறி உண்டு. நேர்மின் பாலிமர் பாக்டீரியாக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். உயிரோடு இருக்கும் நூறு செல்கள் ஒரே கொத்தாகி ஒரே காலனியாக எண்ணப்படும். எண்ணிக்கை விழுந்ததும் 99% கொன்றதாக எழுதிவிடுவோம். தட்டில் போடுமுன் லெசித்தின், பாலிசார்பேட் 80 கலந்த நடுநிலையாக்கியில் நன்றாகக் குலுக்குங்கள். அது உங்கள் பாலிமரின் வேலையை உண்மையில் நிறுத்துகிறதா என்பதைத் தனியே சோதியுங்கள். ஒரு துளியை நுண்ணோக்கியிலும் பாருங்கள்; கொத்து இருந்தால் உடனே தெரியும்.

மிக ஆபத்தானது மிச்ச வேதிப்பொருள். கிளைசிடில் ட்ரைமெத்தில் அம்மோனியம் குளோரைடு கொண்டு குவாட்டர்னரி வகையாக மாற்றினால், அதில் வினைபுரியாத மிச்சம் (அது ஒரு எபாக்சைடு) பாலிமரோடு தங்கும். அது மனித செல்லுக்கும் நஞ்சு. குளிர்ந்த அசிட்டோனில் வீழ்த்திக் கழுவி, பிறகு சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் மூன்று நாள், அடிக்கடி தண்ணீர் மாற்றி வையுங்கள். சுத்தமாகிவிட்டதா என்று பாலிமரிலேயே வெள்ளி நைட்ரேட் விடுவதில் பயனில்லை; அதன் எதிர் அயனியே குளோரைடு என்பதால் எப்போதும் வெண்மையாகும். வெளித் தண்ணீரின் மின்கடத்துதிறன் புதுத் தண்ணீரின் அளவுக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். மெத்தில் அயோடைடு வழியில் செய்திருந்தால் அயோடைடை உப்புக் கரைசலால் குளோரைடாக மாற்றிவிடுங்கள்.

கிருமி நீக்கப் பயன்படும் ஆட்டோகிளேவும் (அழுத்த நீராவி) காமா கதிரும் சங்கிலியை வெட்டும். ஆகவே மூலக்கூற்று எடையைக் கிருமி நீக்கத்துக்குப் பிறகு அளக்க வேண்டும்.

குவாட்டர்னரி அளவைக் கூட்டக் கூட்டக் கொல்லும் திறன் ஏறும் என்று அதையே துரத்தினால் தோல் செல்லும் சாகும். மருத்துவப் பொருள் செல்லுக்கு நஞ்சா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 10993-5 முறையில் எல்929 என்ற சுண்டெலி செல்களின் உயிர்ப்பு 70%-க்குக் கீழே போனால் அந்தப் பொருள் நச்சுத்தன்மை உள்ளதாகவே கருதப்படும். பாக்டீரியாவைக் கொல்லும் செறிவிலேயே இந்தச் சோதனையையும் செய்யுங்கள். இரண்டையும் வேறு வேறு செறிவில் செய்து ஒரே கட்டுரையில் போடுவது வாசகரை ஏமாற்றுவது. காயத்துக்கான பொருள் என்றால் சீரம் சேர்த்து ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்: காயநீரின் ஆல்புமின் எதிர்மின்சுமை கொண்டது, பாக்டீரியாவுக்கு முன்பே பாலிமரை அது பிடித்துக்கொள்ளும்.