விசேஷத்துக்குப் போய்வருகிற வழியில் நேஷனல் பார்க்: முதல் தடவை கிளம்பும் ஜோடிக்கு

அமெரிக்காவில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றதும் பலர் விமான டிக்கெட் தேடுவார்கள். நானும் மனைவியும் காரில் கிளம்பிவிடுவோம். வழியில் பார்க் இருந்தால் அதையும் பார்த்துவிட்டு வருவோம். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து டென்வரில் உள்ள அக்கா வீட்டுக்கு நாங்கள் போய்வரும் வழியை வைத்தே சொல்கிறேன். ஒரு பக்கம் ஏறத்தாழ 1,020 மைல்.

படி 1: பார்க் போகும்போதா, வரும்போதா?

வரும்போதுதான். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது, பட்டுத் தெரிந்துகொண்டது.

அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு முதல் தடவை போனபோது, போகிற வழியிலேயே மூன்று பார்க் பார்க்கத் திட்டம் போட்டோம். கடைசி நாள் டயர் பஞ்சர். ஸ்பேர் டயரை எடுக்க டிக்கியில் இருந்ததையெல்லாம் இறக்கி ரோட்டோரம் வைத்தோம். அதில் என் பட்டு வேட்டியும் இருந்தது. யூட்டா மாநிலத்தின் செம்மண் புடவைக் கடை ஜரிகை மாதிரி கரையோடு ஒட்டிக்கொண்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பால் காய்ச்சி, ஹோமம் முடிந்து, பந்தியில் இரண்டாவது வரிசை உட்கார்ந்திருந்தது. "வாடா, பாயசம் மட்டும் மிச்சம் இருக்கு" என்றாள் அக்கா. இன்றைக்கும் எந்த விசேஷத்திலும் அந்தக் கதை வராமல் இருக்காது.

அதனால் போகும்போது நேர் வழி. ஐ-15 நெடுஞ்சாலை பிடித்து முதல் நாள் செயின்ட் ஜார்ஜ், பிறகு ஐ-70 மாறி இரண்டாம் நாள் கிராண்ட் ஜங்ஷன், மூன்றாம் நாள் டென்வர். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானமே போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். இன்னொன்று, கலிபோர்னியாவைவிட யூட்டாவும் கொலராடோவும் ஒரு மணி நேரம் முன்னால். காலை ஆறரை முகூர்த்தம் என்றால் உங்கள் உடம்புக்கு அது ஐந்தரை.

படி 2: பாஸ் கணக்கு

திரும்பும் வழியில் நாங்கள் பார்ப்பது யூட்டாவில் உள்ள ஆர்ச்சஸ், பிரைஸ் கேன்யன், சயான் மூன்றும். ஒரு காருக்கு ஆர்ச்சஸில் 30 டாலர், மற்ற இரண்டிலும் 35 டாலர், மொத்தம் 100. எல்லா நேஷனல் பார்க்குக்கும் செல்லும் வருடாந்திர பாஸ் 80 டாலர்தான். இது இங்கே வசிப்பவர்களுக்கான விலை. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு 2026 முதல் 250 டாலர். நுழைவாயிலில் பாஸோடு போட்டோ ஐடியும் கேட்பார்கள், டிரைவர் லைசென்ஸை மேலாக வையுங்கள்.

படி 3: முன்பதிவு

விசேஷத் தேதி தெரிந்த அன்றைக்கே பார்க் பக்கத்து ஊர்களில் ரூம் போட்டுவிடுங்கள். உள்ளே நுழையவே நேரம் பதிவு செய்ய வேண்டிய பார்க்குகளும் உண்டு. அந்த விதி வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால், போன வருடம் போய்வந்த நண்பர் சொல்வதை நம்பாமல் பார்க்கின் சொந்தத் தளத்தைப் பாருங்கள். சயானில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் உச்சிக்கு ஏற ஆசைப்பட்டால் குலுக்கலில் பெர்மிட் விழ வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து இப்படித்தான். எங்களுக்கு விழவில்லை. மனைவிக்கு உயரம் என்றால் பயம், உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள் என்று நினைக்கிறேன்.

படி 4: டிக்கி அடுக்குவது

விசேஷத் துணி, சீர்ப் பொருள் எல்லாம் ஒரு பெட்டி. அதை ஸ்பேர் டயர் மூடிமேல் வைக்காதீர்கள். பார்க் துணி, ஷூ தனிப் பை.

சாப்பாட்டுக்கு நாங்கள் கண்ட வழி, கலந்த புளியோதரையைக் கட்டிக்கொண்டு போகாமல் புளிக்காய்ச்சலை மட்டும் பாட்டிலில் எடுத்துப் போவது. நல்லெண்ணெய் மேலே மிதக்கிற அளவுக்கு ஊற்றியிருந்தால் வழி முழுக்கத் தாங்கும். கூடவே சின்ன ரைஸ் குக்கர். மோட்டல் ரூமில் ராத்திரி சாதம் வைத்துத் தட்டில் பரப்பி ஆறவிட்டுக் கிளறினால் சாப்பாடு ரெடி. தயிர் மட்டும் ஐஸ் பெட்டியில். டென்வரைவிட்டுக் கிளம்பும்போது அக்கா எப்படியும் முறுக்கும் அதிரசமும் திணிப்பாள், அதற்கு இடம் விட்டு வையுங்கள். ஆர்ச்சஸ் உள்ளே சாப்பாட்டுக் கடையே கிடையாது என்பதால் அந்த முறுக்குக்கு அங்கே நல்ல மதிப்பு.

படி 5: ஓட்டுவது

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கை மாற்றிக்கொள்ளுங்கள், ஓட்டுபவருக்குத் தூக்கம் வராவிட்டாலும். பக்கத்தில் இருப்பவர் பிரேக் போடச் சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மீறுவது பெரும்பாலும் நான்தான்.

கேஸ் (பெட்ரோல்) விஷயத்தில் விளையாட வேண்டாம். யூட்டாவில் ஐ-70 மேல் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் நடுவே சுமார் 110 மைல், ஒரு கேஸ் ஸ்டேஷன்கூட இல்லை. பாதி டேங்க் இருந்தாலும் போகும்போது சலைனாவிலும் திரும்பும்போது கிரீன் ரிவரிலும் நிரப்பிவிடுங்கள். பல இடங்களில் போன் சிக்னலும் இருக்காது. வரைபடத்தையும் நேஷனல் பார்க் ஆப்பில் அந்தந்த பார்க் பக்கத்தையும் வீட்டு வைஃபையிலேயே இறக்கி வையுங்கள்.

படி 6: திரும்பும் வழி

டென்வரிலிருந்து ஆர்ச்சஸ் பக்கத்து ஊரான மோவாப் ஆறு மணி நேரப் பயணம். விசேஷக் களைப்பு இருக்கும், அன்றைக்குப் போய்ப் படுத்துவிடுங்கள். மறுநாள் ஆர்ச்சஸில் டெலிகேட் ஆர்ச் என்ற பாறை வளைவு. போய்வர 3 மைல்தான், ஆனால் மொட்டைப் பாறைமேல் ஏற்றம், வழியில் பெயருக்குக்கூட நிழல் கிடையாது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் சாயங்காலம் ஏறினால் சூரியன் இறங்கும் நேரத்தில் அந்த வளைவு கரி அடுப்பின் தணல் போல இருக்கும். இறங்கும்போது இருட்டிவிடும், தலையில் மாட்டும் டார்ச் வேண்டும்.

அடுத்தது பிரைஸ். பள்ளத்தாக்கின் விளிம்பே 8,000 அடிக்கு மேல். முந்தின நாள் வெயிலில் வறுபட்டவர்கள் இங்கே விடியற்காலையில் ஸ்வெட்டர் தேடுவார்கள். பொழுது சாய்ந்த பிறகு இந்தப் பக்கம் வேகமாக ஓட்டாதீர்கள், மான் குறுக்கே வரும்.

அங்கிருந்து சயான் இரண்டு மணி நேரம், 1930-ல் திறந்த மலைச் சுரங்கப்பாதை வழியாக இறங்க வேண்டும். வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை பள்ளத்தாக்குக்குள் சொந்தக் காரை விடமாட்டார்கள், பார்க்கின் இலவச பஸ்தான். வாசலில் கார் நிறுத்தும் இடம் காலையிலேயே நிரம்பிவிடும், எட்டு மணிக்குள் போய்விடுங்கள். நடை வேண்டாம் என்றால் பஸ்ஸிலேயே கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்து போனாலும் போதும். இரண்டு பக்கமும் சுவர் மாதிரி எழும்பும் மலை ஜன்னலிலேயே தெரியும்.

கடைசி நாள் 430 மைல். காரில் ஏறும்முன் ஷூவைத் தட்டிவிடுங்கள். எங்கள் கார் மிதியடியில் அந்தச் செம்மண் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.