பழைய ரிவால்வருக்கு எந்தத் தோட்டா? ‘38’ என்ற எழுத்தை நம்பும் முன் செய்ய வேண்டியவை

என் மேசை இழுப்பறையில் ஆறு வெற்றுப் பித்தளைக் கூடுகள் இருக்கின்றன. ஆறுமே அடிப்பக்கம் பருத்துப் போனவை. ஒன்றில் மட்டும் நீளவாக்கில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். ஓஹையோவுக்குக் குடிவந்த புதிதில் வாங்கிய என் முதல் பழைய ரிவால்வரில் நான் சுட்ட முதல் ஆறு தோட்டாக்கள் அவை. விற்றவர் 38 என்றார், கடையில் 38 கேட்டேன், வாங்கி வந்தேன். சிலிண்டருக்குள் வழுக்கிக்கொண்டு போனது, வெடித்தது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடுகளைத் தட்டி வெளியே எடுத்தபோதுதான் வயிறு கலங்கியது.

அன்று எனக்குத் தெரியாமல் போனதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அமெரிக்காவில் பழைய ரிவால்வரை வாங்குகிற, மாமனார் வீட்டுப் பெட்டியிலிருந்து கைக்கு வந்து சேர்கிற நம்மவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்து எழுதியது.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். கடையில் வாங்குகிற முழு உருப்படி தோட்டா. அதன் முனையிலிருந்து பறந்து போவது குண்டு. பின்னால் இருக்கும் பித்தளைப் பகுதி கூடு. சிலிண்டரில் தோட்டா உட்காரும் துளை ஒவ்வொன்றும் ஓர் அறை.

படி 1: காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள்

சில ரிவால்வர்களில் சிலிண்டர் பக்கவாட்டில் விலகும். சிலவற்றில் மேலே இருக்கும் கொக்கியை விடுவித்தால் துப்பாக்கியே நடுவில் மடியும். இன்னும் பழையவற்றில் வலப்பக்கம் ஒரு சிறு கதவு திறந்து, அறை அறையாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். எந்த வகையானாலும் ஒவ்வோர் அறையிலும் வெளிச்சம் தெரிய வேண்டும். இனி வரும் எந்த வேலையிலும் உண்மையான தோட்டா அந்த மேசையில் இருக்கக் கூடாது. சோதனைக்குச் சுட்ட வெற்றுக்கூடு போதும்.

படி 2: குழலில் உள்ளதை ஓர் எழுத்து விடாமல் படியுங்கள்

பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். ‘38’ (.38 அங்குலம்) என்பதை ஒரு பெயராக மட்டும் பாருங்கள். அந்தப் பெயரில் குறைந்தது நான்கு வெவ்வேறு தோட்டாக்கள் உண்டு: .38 ஷார்ட் கோல்ட், .38 லாங் கோல்ட், .38 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸன்), .38 ஸ்பெஷல்.

பெயர் வந்த கதை தெரிந்தால் குழப்பம் பாதி தீரும். அந்தக் காலத்து .36 ரிவால்வர்களில் மருந்தையும் குண்டையும் தனித்தனியாகத்தான் திணிப்பார்கள். அவற்றைப் பித்தளைத் தோட்டாவுக்கு மாற்றியபோது, கூட்டின் வெளிவிட்டமும் குண்டின் விட்டமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. குண்டின் வால் மட்டும் ஒடுங்கிக் கூட்டுக்குள் போகும். பிறகு முழுக் குண்டையும் கூட்டுக்குள் வைக்கத் தொடங்கினார்கள். குண்டு 9.1 மில்லிமீட்டருக்குச் சுருங்கியது, 38 என்ற பெயர் சுருங்கவில்லை.

ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர்களில் குழலின் பக்கவாட்டில் எழுத்து இருக்கும். அதில் ‘ஸ்பெஷல்’ என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோல்ட் நிறுவனமோ போட்டியாளரின் பெயரைத் தன் குழலில் பொறிக்க மனமில்லாமல், அதே .38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவை ‘.38 கோல்ட் நியூ போலீஸ்’ என்று அழைத்தது. குண்டின் மூக்கு தட்டை, மற்றபடி அதே தோட்டாதான். கோல்ட் ‘போலீஸ் பாஸிட்டிவ்’ வேறு, ‘போலீஸ் பாஸிட்டிவ் ஸ்பெஷல்’ வேறு என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிரிட்டனில் இருந்துவிட்டு வந்த துப்பாக்கியில் சோதனைச்சாலை முத்திரைகள் இருக்கும். ‘.38’ என்பதற்குப் பக்கத்தில் ‘.767’ என்று பார்த்தால் அது அந்தத் துப்பாக்கிக்கு உரிய கூட்டின் நீளம், அங்குலத்தில். அதாவது .38 எஸ் அண்ட் டபிள்யூ. என் ரிவால்வரிலும் அது இருந்தது. படித்தேன், பொருள் தெரியவில்லை, கடந்து போனேன்.

படி 3: அளந்து பாருங்கள்

எழுத்து ஒரு சாட்சி, அளவு இன்னொரு சாட்சி. இரண்டும் ஒத்துப்போனால்தான் மேலே போக வேண்டும். ஒரு டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர் போதும்.

.38 எஸ் அண்ட் டபிள்யூ கூடு 19.7 மி.மீ. நீளம், அடியில் 9.8 மி.மீ. விட்டம், குண்டு 9.17. .38 ஸ்பெஷல் கூடு 29.3 மி.மீ. நீளம், அடியில் 9.63, குண்டு 9.07. முன்னது குட்டை, ஆனால் பருமன். பின்னது நெட்டை, ஆனால் ஒல்லி. விட்ட வேறுபாடு 0.2 மில்லிமீட்டர்கூட இல்லை, இரண்டு தாள் கனம். என் கூடுகளைப் பருக்க வைத்தது அந்த இரண்டு தாள் கனம்தான்.

அறையின் வாயை அளப்பதோடு நிறுத்தாதீர்கள். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கூட்டின் முன்விளிம்பு போய் நிற்கும் இடத்தில் ஒரு படிக்கட்டு போன்ற வளையம் தெரியும். அது வரையிலான ஆழமே கூட்டின் நீளத்தைச் சொல்லும். காலிப்பரின் வால்கம்பியை விட்டு அளக்கலாம்.

சந்தேகம் தீரவில்லையென்றால் அறையை வார்ப்பெடுங்கள். செரோசேஃப் என்ற கலப்புலோகம் கடைகளில் கிடைக்கும். கொதிநீரின் வெப்பத்துக்குக் கீழேயே உருகிவிடும். சிலிண்டரைக் கழற்றி, அறையைத் துடைத்து, முன்வாயைத் துணியால் அடைத்து ஊற்றுங்கள். கெட்டியானதும் அரை மணி நேரத்துக்குள் தட்டி எடுத்துவிட வேண்டும். அந்த உலோகம் முதலில் சுருங்கி, பிறகு மெல்ல விரியும். ஊற்றி ஒரு மணி நேரம் ஆகும்போது அறையின் அளவுக்கே வந்து நிற்கும். அப்போது அளந்து பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. நூறாண்டுப் பழைய துளையின் உட்புறத்தை அச்சாகக் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

படி 4: குடும்பம் எது, திசை எது

ஒரே விட்டமுள்ள குடும்பத்துக்குள் குட்டையானதை நெட்டை அறையில் சுடலாம், மறுதிசை கூடாது. .38 லாங் கோல்ட் 26 மி.மீ., அதை நீட்டி 1898-இல் .38 ஸ்பெஷல், அதையும் நீட்டி 1935-இல் .357 மேக்னம். ஆகவே .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷலும் லாங் கோல்ட்டும் சுடலாம். .44-இலும் அப்படியே: ரஷ்யன், ஸ்பெஷல், மேக்னம் என்று நீண்டுகொண்டே போகும். குட்டைத் தோட்டா சுட்டபின் அறையின் முன்பகுதியில் கரி வளையம் படியும். நெட்டையானதைப் போடும் முன் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

இந்தக் குடும்பத்தில் .38 எஸ் அண்ட் டபிள்யூ இல்லை. பெயரைப் பார்த்துச் சேர்த்துவிடாதீர்கள்.

படி 5: உள்ளே போகும், ஆனாலும் கூடாது

இந்தப் படியை அவசரமில்லாமல் படியுங்கள்.

முதலாவது, என் ரிவால்வர். இரண்டாம் உலகப் போரின்போது ஸ்மித் அண்ட் வெஸன் பிரிட்டனுக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் ‘விக்டரி’ ரிவால்வர்களை லட்சக்கணக்கில் செய்து அனுப்பியது. அவற்றின் தோட்டா .38 எஸ் அண்ட் டபிள்யூ. போர் முடிந்து திரும்பி வந்தவற்றை அமெரிக்கச் சந்தையில் விற்க, பலர் அறையை முன்பக்கம் ஆழமாகக் குடைந்து .38 ஸ்பெஷல் போகும்படி செய்தார்கள். பல துப்பாக்கிகளில் குழலையும் வெட்டிக் குட்டையாக்கி, நிக்கல் பூசிப் பளபளக்க வைத்தார்கள். முன்பக்கத்தைக் குடையலாம், பின்பக்கத்தைச் சுருக்க முடியாது. ஒல்லிக் கூடு பருமன் அறையில் உட்கார்ந்து, வெடிக்கும்போது சுவர் வரை வீங்குகிறது, சில நேரம் பிளக்கிறது. குண்டும் குழலுக்கு 0.1 மி.மீ. சிறியது, குறி தப்பும். வார்ப்பெடுத்தால் பின்பாதி பருமனாகவும் முன்பாதி ஒல்லியாகவும் ஒரு தோள் தெரியும். அதைப் பார்த்தால் .38 ஸ்பெஷலை ஒதுக்கிவிட்டு, துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்தது இன்னும் ஆபத்து. 1892-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற கோல்ட் ரிவால்வரின் தோட்டா .38 லாங் கோல்ட். அதன் அறைகள் நடுவில் படிக்கட்டு இல்லாமல் நேராகத் துளைக்கப்பட்டவை. நீளத்தைத் தடுக்க எதுவும் இல்லை. .38 ஸ்பெஷல் போகும், .357 மேக்னமும் போகும். .357-ஐ வேண்டுமென்றே மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீட்டியதே, பழைய அறைகளுக்குள் போகக் கூடாது என்பதற்காக. இந்தத் துப்பாக்கியில் அந்தக் காவல் வேலை செய்யாது. இன்றைய அமெரிக்கத் தரப்படி .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, .357-க்கு 35,000. 1890-களின் எஃகு அதைத் தாங்கும் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

வெப்லி .455 என்ற பிரிட்டிஷ் ரிவால்வர் வைத்திருப்பவர்கள் சிலிண்டரின் பின்முகத்தைப் பாருங்கள். சீவப்பட்டிருந்தால், .45 ஏ.சி.பி. என்ற பிஸ்டல் தோட்டாவை, அதன் அடியைப் பிடித்து நிறுத்தும் கவ்விகளோடு போட யாரோ மாற்றியிருக்கிறார்கள். அந்தத் தோட்டாவின் 21,000 பவுண்டு அழுத்தம் வெப்லிக்கு உரியதல்ல. உள்ளே போவதாலும் பல முறை சுட்டதாலும் அது சரியாகிவிடாது.

இந்தியாவில் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் தோட்டாவுக்கானது. இது 1896-இல் வந்த பழைய தோட்டா. ‘.32 கோல்ட் நியூ போலீஸ்’ என்பதும் இதுவே. ஆனால் .32 பிஸ்டல் தோட்டா வேறு. அதுவும் ரிவால்வரின் அறைக்குள் நுழையும், அழுத்தமோ அதிகம். பெட்டியில் .32 ஏ.சி.பி. அல்லது 7.65 பிரௌனிங் என்று இருந்தால் அது பிஸ்டலுக்கு.

படி 6: துப்பாக்கியின் வயது

தோட்டா சரியானதே என்றாலும், 19-ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிகள் பல கருமருந்து என்ற பழைய, புகை மிகுந்த வெடிமருந்துக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய புகையில்லா மருந்தின் அழுத்தம் ஏறும் விதமே வேறு. மடக்கு ரிவால்வரில் கொக்கி ஆடுகிறதா, சுத்தியல் பின்னால் நிற்கும்போது சிலிண்டர் அசைகிறதா, அறைச் சுவரில் அரிப்புக் குழிகள் உண்டா என்று பாருங்கள். ஒன்றுக்கு ஆம் என்றாலும் சுவரில் மாட்டி அழகு பாருங்கள், சுட வேண்டாம். மூன்றுக்கும் இல்லை என்றாலும், முதல் தோட்டாவுக்கு முன் பழுதுபார்ப்பவர் ஒருமுறை பார்த்துவிடட்டும்.

எல்லாம் முடிந்ததும் ஓர் அட்டைத் துண்டில் தோட்டாவின் முழுப்பெயர், கூட்டின் நீளம், அடிவிட்டம், அளந்த தேதி நான்கையும் எழுதி, விசைக்காப்பு வளையத்தில் நூலால் கட்டிவிடுங்கள். என் விக்டரியின் அட்டையில் சிவப்பு மையில் ‘சுடக் கூடாது’ என்று எழுதியிருக்கிறேன், பருத்த கூடுகளில் ஒன்றையும் அதே நூலில் கோத்திருக்கிறேன்.