பார்ட்டி அனிமல்ஸ்: மயங்கி விழுந்தவரை அடித்துக்கொண்டே இருக்காதீர்கள்

பார்ட்டி அனிமல்ஸ் என்ற வீடியோ கேமை ஆடத் தொடங்குகிற கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். எதிரில் நிற்கும் பூனைக்குட்டி மயங்கி விழுந்ததும், அதன் பக்கத்திலேயே நின்று இன்னும் நாலு குத்து குத்துகிறார்கள். கோபம் ஒன்றும் இல்லை, பழக்கம்தான். மற்ற சண்டை கேம்களில் எதிராளியின் உயிர்க்கோடு தீரும்வரை அடித்தால் ஜெயித்துவிடலாம். இங்கே மயங்கியவர் சில நொடிகளில் எழுந்துவிடுவார். அவரைத் தூக்கிக்கொண்டு போய் மேடைக்கு வெளியே போட்டால்தான் அந்தச் சுற்றில் அவர் கணக்கு முடியும். நீங்கள் குத்திய அந்த நாலு குத்துக்கு ஆன நேரம், அவருக்குக் கிடைத்த ஓய்வு.

கேமைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சீனாவின் ரீக்ரியேட் கேம்ஸ் உருவாக்கியது இது. 2020 அக்டோபரில், கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஆடிப் பார்க்க ஒரு முன்னோட்டம் விட்டார்கள். அதற்கே பெரிய கூட்டம் சேர்ந்தது. முழு கேம் வருவதற்கு 2023 செப்டம்பர் 20 ஆகிவிட்டது. கணினியிலும் எக்ஸ்பாக்ஸிலும் ஒன்றாக வெளியானது, இரண்டிலும் இருப்பவர்கள் சேர்ந்து ஆடலாம். நெமோ என்ற கோர்கி நாய்க்குட்டி, ஓட்டா என்ற நீர்நாய், ஹாரி என்ற வாத்து என்று பொம்மை மாதிரி உருவங்கள். ஒரே நேரத்தில் எட்டுப் பேர் வரை மோதலாம். உடம்புக்கு எடை உண்டு, கால் தடுமாறும், ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுக்கலாம். பார்க்க மிருதுவாக இருந்தாலும் உள்ளே ஓடுவது முழுக்க முழுக்க இயற்பியல் கணக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகிற தவறுகளில் பாதி தானாகவே குறைந்துவிடும்.

முதலில் பட்டனை அழுத்தித் தள்ளும் பழக்கம். ஓட்டம், குத்து, தொங்குவது எல்லாமே ஸ்டாமினாவை, அதாவது உங்கள் உருவத்தின் தெம்பைத் தின்னும். எதிராளி கைக்கெட்டும் தூரத்துக்கு வருவதற்கு முன்பே காற்றில் குத்திக்கொண்டு போனால், அவர் வந்து சேரும்போது உங்களிடம் தெம்பு இருக்காது. நன்றாக ஆடுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். அவர்கள் குறைவாகத்தான் அடிப்பார்கள். இரண்டு பேர் முட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி நிற்பார்கள். ஒருவர் விழுந்ததும் உள்ளே வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அடித்த உழைப்பு ஒருவருடையது, பலன் இன்னொருவருக்கு. இதில் நியாயம் இல்லை என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் எட்டுப் பேர் மோதும் ஆட்டத்தில் கண்ணைத் திறந்து வைத்திருப்பதும் ஒரு திறமைதான்.

ஓடிவந்து எகிறி உதைப்பது இன்னொரு ஆசை. சரியாக விழுந்தால் அதைப்போல ஒரு அடி கிடையாது. தவறினால் நீங்களே தரையில் கிடப்பீர்கள், எழுவதற்குள் யாராவது காலைப் பிடித்துவிடுவார்கள். மேடையின் விளிம்பை நோக்கி அந்த உதையை விடவே கூடாது. எதிராளி ஒரு அடி நகர்ந்தால் போதும், உங்கள் வேகமே உங்களை வெளியே கொண்டுபோய்விடும். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரோ அகலமான தரையோ இருக்கும்போது உதையுங்கள். விளிம்பு பக்கத்தில் இருந்தால் தலையால் முட்டுவதும் கைக்குத்தும் போதும்.

சரி, இப்போது தூக்குவதற்கு வருவோம். இந்த கேமின் உயிரே இங்குதான் இருக்கிறது, மிக அதிகமான சுற்றுகள் கைநழுவுவதும் இங்கேதான்.

மயங்கியவரைத் தூக்கிக்கொண்டு பலரும் விளிம்பு வரை பொறுமையாக நடப்பார்கள். அங்கே போய் நின்று, நிதானமாகக் குறி பார்த்து எறியலாம் என்று நினைப்பார்கள். அதற்குள் கையில் இருப்பவருக்கு விழிப்பு வந்துவிடும். விழித்தவுடன் அவர் செய்யும் முதல் வேலை உங்களைப் பிடித்துக்கொள்வது. நீங்கள் எறிய, அவர் உங்களை விடாமல் பிடித்திருக்க, இருவரும் சேர்ந்தே கீழே போவீர்கள். விளிம்பில் இருந்து ஓரிரு அடி தள்ளியே எறிந்துவிடுங்கள். ஓடிவரும் வேகத்தோடு எறிந்தால் அந்தத் தூரத்தை அவர் உடம்பே கடந்துவிடும். இல்லையென்றால் தூக்கவே வேண்டாம். கையையோ காலையோ பிடித்துத் தரையோடு இழுத்துப் போய், விளிம்பில் உங்கள் உடம்பைச் சுழற்றி விட்டால் போதும்.

எங்கே வைத்து அடிக்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். மேடையின் நடுவில் ஒருவரை மயக்கினால், விளிம்பு வரை சுமக்கிற நேரம் முழுக்க அவருக்குச் சாதகம். அதே ஆளை விளிம்புக்குப் பக்கத்தில் மயக்கினால் இரண்டு எட்டில் வேலை முடிந்துவிடும். அதனால் நடுவில் மோதல் தொடங்கினால் பின்வாங்கிப் பின்வாங்கி அவரை ஓரத்துக்கு அழைத்து வாருங்கள். நீங்களும் ஓரத்தில்தான் நிற்பீர்கள் என்பதால் ஆபத்து இருக்கத்தான் செய்யும். முதுகை விளிம்புக்குக் காட்டாமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

உங்களைத் தூக்கிவிட்டார்கள் என்றால்? கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடாதீர்கள். மயக்கம் தெளிந்த கணத்திலேயே பிடிக்கும் பட்டனை அழுத்திக்கொண்டே இருங்கள். தூக்கியவரின் உடம்போ, பக்கத்தில் இருக்கும் கம்பியோ, மேடையின் ஓரமோ ஏதாவது ஒன்று கைக்குச் சிக்கும். ஓரத்தில் தொங்கியவர் ஏறி வந்து அந்தச் சுற்றையே ஜெயித்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒருவரை வெளியே எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவதும் தவறு. அவர் உண்மையிலேயே விழுந்தாரா, ஓரத்தில் தொங்குகிறாரா என்று ஒரு நொடி பார்த்துவிட்டு நகருங்கள்.

ஆயுதங்களைப் பற்றிக் கொஞ்சம். பெரிய லாலிபாப், நன்சாகு (சங்கிலியால் இணைத்த இரண்டு கட்டைகள்), குறுக்குவில் என்று பலவும் மேடையில் வந்து விழும். எதைக் கண்டாலும் பாய்ந்து எடுக்கத் தோன்றும். லாலிபாப்பை ஒரு வீச்சு வீசினால் எதிரில் இருப்பவர் சுருண்டு விழுவார், உண்மைதான். ஆனால் கையில் ஆயுதம் இருக்கும்வரை அந்தக் கையால் யாரையும் தூக்க முடியாது. மயங்கியவரைத் தூக்க வேண்டுமானால் ஆயுதத்தைப் போட வேண்டும். போட்டால் அதை வேறொருவர் எடுத்து உங்கள் தலையிலேயே அடிப்பார். அதனால் ஆயுதத்தோடு ஆடும்போது ஒரே ஆளைத் துரத்துவதை விட, கூட்டமாக முட்டிக்கொள்ளும் இடத்துக்குப் போய் வீசுவது நல்லது. வேலை முடிந்ததும் அதை மேடைக்கு வெளியே எறிந்துவிட்டுத் தூக்கப் போங்கள்.

மேப்பை, அதாவது சண்டை நடக்கும் களத்தை மறந்துவிட்டு ஆட்களை மட்டுமே பார்ப்பதும் வழக்கமாக நடப்பது. நீர்மூழ்கிக் கப்பல் மேப்பில் கப்பல் மெல்ல மெல்லக் குளிர்ந்த நீருக்குள் மூழ்கும். தாழ்ந்த பகுதியில் சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள் ஜெயித்தாலும் தண்ணீருக்குள்தான் இருப்பார்கள். உயரமான இடத்தை முதலில் பிடித்தவருக்குப் பாதி வெற்றி சும்மாவே கிடைத்துவிடும், ஏறி வருகிறவர்களைத் தள்ளிவிட்டால் போதும். கருந்துளை இருக்கும் மேப்பில் அந்த ஈர்ப்பே உங்களுக்கு ஒரு கூட்டாளி. புது மேப்பில் முதல் சுற்றைத் தோற்றாலும் பரவாயில்லை, எது எப்போது நகர்கிறது, எங்கே பிடிமானம் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அணியாக ஆடும் வகைகளில் தவறு வேறு மாதிரி. பொருளைத் தூக்கிவந்து தன் பக்கம் சேர்ப்பதோ பந்தை கோலில் போடுவதோதான் அங்கே புள்ளி. ஆனால் நாலு பேரில் மூன்று பேர் அந்த மூலையில் யாரையோ துரத்திக்கொண்டிருப்பார்கள். ஒருவர் மட்டும் பொருளை இழுத்துக்கொண்டு தனியாகத் திணறுவார். இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் சுமை வேகமாக நகரும். ஆனால் இரண்டு பேரும் இரண்டு திசையில் இழுத்தால் அது இருந்த இடத்திலேயே நிற்கும். வாயைத் திறந்து "இடது பக்கம், இடது பக்கம்" என்று சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரும். எங்கள் வீட்டில் தம்பி பந்தைத் தூக்கினால் நான் அவனுக்கு முன்னால் ஓடி வழி மறிப்பவரைக் கட்டிப் பிடித்துக்கொள்வேன். அடிப்பது கூட இல்லை, விடாமல் பிடித்திருந்தால் போதும். ஐந்து நொடி தாமதமே ஒரு புள்ளி.

பணம் சம்பந்தமாக ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், குறிப்பாக பிள்ளைகளுக்காக வாங்கும் பெற்றோருக்கு. வெளியானபோது இதன் விலை 20 டாலருக்குச் சற்றுக் குறைவு. காசு கொடுத்து வாங்கிய கேமுக்குள் உடைகளுக்கும் உருவங்களுக்கும் இன்னொரு கடை இருப்பது பற்றி வெளியான நாட்களிலேயே பலர் குறைபட்டார்கள். அந்தக் குறை எனக்கும் உண்டு. கேமுக்குள் செல்லும் காசான நெமோ பக்ஸ் கொடுத்து வாங்கும் உடை அழகாக இருக்கும், அவ்வளவுதான். குத்து பலமாகாது, பிடி இறுகாது. பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டு, கணக்கில் கார்டு எண்ணைச் சேமிக்காமல் வைத்திருங்கள்.

கடைசிவரை நிற்பவர் ஜெயிக்கும் ஆட்டத்தில் சீக்கிரம் வெளியேறிவிட்டால் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். வெளியேறிய பிறகும் ஓரத்தில் இருந்து பொருட்களை எறிந்து உள்ளே இருப்பவர்களைத் தடுமாற வைக்கலாம். உங்களைத் தூக்கிப் போட்டவர் விளிம்பில் இன்னொருவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து ஒன்றை எறிந்து பாருங்கள்.

புதிதாக ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் செய்வது இது. நண்பர்கள் மட்டும் இருக்கும் தனி அறை ஒன்றைத் திறந்து, முதல் இரண்டு ஆட்டத்துக்குக் குத்தவே கூடாது என்று வைத்துக்கொள்வோம். பிடிக்கலாம், இழுக்கலாம், தொங்கலாம், ஏறலாம், எறியலாம். பத்து நிமிடத்தில் அவர்கள் கை தானாகவே பிடிமானத்தைத் தேட ஆரம்பித்துவிடும். அதற்கப்புறம் குத்துவதற்குத் தனியாகப் பாடம் தேவைப்படாது.