வண்டி நேராகப் போகிறது, ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது

புதுப்பித்த பழைய காரில் இந்தத் தொல்லை. ஸ்டீயரிங் வீலைக் கழற்றி, அது மாட்டும் தண்டின் பல்வரிசையில் (ஸ்ப்ளைன்) ஒரு பல் தள்ளி மாட்டச் சொன்னார்கள். பார்வைக்குச் சரியாகிவிடும், ஆனால் வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங்கின் சுற்றலைச் சக்கரங்களின் பக்கம் கடத்தும் கியர் பெட்டி) நடுவில் இருக்காது. பாக்ஸில் நடுவில்தான் ஆட்டம் மிகக் குறைவு. அதை விட்டு விலகினால் நேர்ச்சாலையிலேயே வண்டி அலையும்.

பிட்மேன் ஆர்மிலிருந்து (பாக்ஸிலிருந்து வரும் கை) சக்கரங்களின் பக்கம் போகும் லிங்க்கைக் கழற்றினேன். ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகச் சுற்றி (முட்ட அடித்தால் உள்ளே கெடும்), சரிபாதியில் நிறுத்தினேன். ஸ்டீயரிங் வீலின் ஸ்போக்குகள் (குறுக்குக் கம்பிகள்) மட்டமாகவே நின்றன. அப்படியானால் வீல் சரியாகத்தான் மாட்டியிருக்கிறது; கோளாறு டை ராடில் (முன்சக்கரங்களைத் திருப்பும், நீளம் மாற்றக்கூடிய தண்டு). ஸ்டீயரிங் வீலை அசையாமல் கட்டி, லிங்க்கை மாட்டி, ஒருபக்க டை ராடை நீட்டிய அளவே மறுபக்கம் குறைத்தேன். அதனால் டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் சற்று உள்நோக்கி இருக்கும் அளவு) மாறவில்லை. அப்புறம் லாக் நட்டுகளை இறுக்கினேன். இப்போது திருப்பம் முடிந்ததும் இண்டிகேட்டர்கூட இரண்டு பக்கமும் ஒழுங்காக அணைகிறது.