பஸ்தோன் போர்க்களத்தில் டிசம்பர் நினைவு நடை: முதன்முறை போகிறவர்களுக்கு

பெல்ஜியத்தின் தென்கிழக்கு மூலையில், லக்ஸம்பர்க் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய ஊர் பஸ்தோன். இரண்டாம் உலகப் போரின்போது, 1944 குளிர்காலத்தில் அந்த ஊரைச் சுற்றி நடந்த போரின் நினைவாக, ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை ஒரு நடை நடக்கிறது. 'பஸ்தோன் ஹிஸ்டாரிக் வாக்' என்பது அதன் பெயர். ராணுவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களும் கலந்துகொள்ளலாம். ஐரோப்பாவில் வேலைக்கோ படிப்புக்கோ வந்திருக்கும் நம்மவர்கள் ஒருமுறையாவது இதில் நடக்க வேண்டும் என்பது என் ஆசை. வரைபடத்தில் அம்புக்குறிகளாகப் பார்த்த ஒரு போர் எவ்வளவு சிறிய நிலத்துக்குள் நடந்தது என்பது கால் வலிக்கும்போதுதான் புரியும்.

படி 1: போவதற்கு முன் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தவறவிட்டால் மற்ற படிகளால் பெரிய பயன் இல்லை. அங்கே கண்ணில் படுவது வயலும் மரமும்தான்.

1944 டிசம்பர் 16 விடியற்காலையில் ஜெர்மன் படைகள் ஆர்டென் காடுகள் வழியாகத் தாக்கின. மியூஸ் ஆற்றைக் கடந்து ஆண்ட்வெர்ப் துறைமுகத்தைப் பிடிப்பது ஹிட்லரின் திட்டம். காடும் பள்ளத்தாக்குமான அந்தப் பகுதியில் டாங்கிகளும் லாரிகளும் சாலையை நம்பித்தான் நகர முடியும். ஏழு சாலைகள் பஸ்தோனில் வந்து கூடுகின்றன. அதனால்தான் இந்தச் சிறிய ஊருக்கு அவ்வளவு பெரிய சண்டை.

பிரான்சில் ஓய்வில் இருந்த அமெரிக்காவின் 101-ஆவது வான்குடைப் படைப்பிரிவை அவசரமாக லாரிகளில் ஏற்றி அனுப்பினார்கள். பலரிடம் குளிர்கால உடுப்பே இல்லை. 19-ஆம் தேதி அவர்கள் சண்டையில் இறங்கினார்கள். இரண்டே நாளில் ஊர் முற்றுகைக்குள் போய்விட்டது. 22-ஆம் தேதி சரணடையச் சொல்லி ஜெர்மன் தரப்பிலிருந்து கடிதம் வந்தது. அங்கே படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் மெக்காலிஃப் 'நட்ஸ்!' என்று ஒரே சொல்லில் மறுத்து அனுப்பினார். ஆங்கிலத்தில் அதன் நேர்ப்பொருள் 'கொட்டைகள்'; பேச்சு வழக்கில் 'போடா, முடியாது' என்பது போல. 23-ஆம் தேதி வானம் தெளிந்ததும் விமானங்கள் மருந்தும் தோட்டாவும் போட்டன. 26-ஆம் தேதி மாலை அமெரிக்க ஜெனரல் பேட்டனின் மூன்றாம் படையைச் சேர்ந்த டாங்கிகள் அசென்வா கிராமத்து வழியாக முற்றுகையை உடைத்து உள்ளே வந்தன. அதன் பிறகும் ஜனவரி வரை சண்டை ஓயவில்லை.

படங்களில் அதிகம் வராத சிலரையும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள். கறுப்பின வீரர்களைக் கொண்ட 969-ஆவது பீரங்கிப் படை இங்கே நின்று போரிட்டுப் பாராட்டு விருது பெற்றது. ஆப்பிரிக்கத் தாய்க்கும் பெல்ஜியத் தந்தைக்கும் பிறந்த செவிலியர் அகுஸ்தா ஷிவி, கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தவர், முற்றுகையில் மாட்டிக்கொண்டு காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தார். அவருக்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது 2011-இல்தான். 67 ஆண்டுகள்! அவரோடு வேலை செய்த இன்னொரு செவிலியர் ரெனே லெமேர், டிசம்பர் 24 இரவு சிகிச்சை நிலையத்தின் மேல் குண்டு விழுந்ததில் இறந்துபோனார்.

படி 2: தேதி, பதிவு, பயணம்

இலையுதிர் காலத்திலேயே அந்த ஆண்டுக்கான தேதியையும் பாதையையும் பார்த்து, பெயரைப் பதிவு செய்துவிடுங்கள். தங்க இடம் பஸ்தோனில் சீக்கிரம் நிரம்பிவிடும். கிடைக்காவிட்டால் ஆர்லோனிலோ லக்ஸம்பர்க் நகரிலோ அறை எடுக்கலாம்.

பஸ்தோனுக்கு ரயில் கிடையாது. பிரஸ்ஸல்ஸிலிருந்து லக்ஸம்பர்க் தடத்தில் ஓடும் ரயிலில் ஏறி லிப்ராமோனில் இறங்குங்கள். அங்கிருந்து பேருந்து. சனி, ஞாயிறுகளில் பேருந்து குறைவு என்பதால் திரும்பும் நேரத்தைப் போகும்போதே குறித்துக்கொள்ளுங்கள். காரில் வருவது இன்னும் எளிது. லக்ஸம்பர்க் நகரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை.

படி 3: உடுப்பும் சாப்பாடும்

பஸ்தோன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெண்பனியை எதிர்பார்த்து வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது சேறும் ஈரக்காற்றும். பூஜ்ஜியம் டிகிரி அளவில் நனைந்து நிற்பதைவிடக் காய்ந்த பனியில் நடப்பது எவ்வளவோ மேல்.

உள்ளே தெர்மல், அதன் மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டாம்; வியர்வையில் நனைந்தால் காயவே காயாது. தொப்பி காதை மூட வேண்டும். ஷூ கணுக்கால் வரை வருவதாக, அடியில் நல்ல பிடிமானத்தோடு, தண்ணீர் புகாததாக இருக்கட்டும். புது ஷூவை அன்றைக்கு முதல்முதலாகப் போடாதீர்கள். மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி பையில் கட்டாயம். 1944-இல் நனைந்த காலோடு நாட்கணக்கில் குழிக்குள் இருந்த வீரர்கள் பலருக்குப் பாதம் மரத்து, வீங்கி, அழுகத் தொடங்கியது. குண்டடி படாமலே களத்தைவிட்டுத் தூக்கிச் செல்லப்பட்டவர்கள் அவர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கையில் ஏதாவது கொண்டுபோவது நல்லது. சோறு அந்தக் குளிரில் விறைத்துப்போகும். உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய சப்பாத்தி, கடலை மிட்டாய், பிளாஸ்கில் சூடான டீ போதும். செல்போனை உள்பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள். குளிரில் சார்ஜ் வேகமாக இறங்கும்.

படி 4: தூரத்தைத் தேர்ந்தெடுப்பது

குறைந்த தூரம், அதிக தூரம் என்று தேர்வு செய்ய முடியும். முதன்முறை என்றால் குறைந்ததையே எடுங்கள். இது மாரத்தான் இல்லை; யாரும் நேரம் பார்க்கப்போவதில்லை. டிசம்பரில் அங்கே பொழுது விடியவே காலை எட்டரை ஆகும். மாலை நாலரைக்குப் பிறகு வெளிச்சம் இருக்காது. ஒரு சிறிய டார்ச் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: நடக்கும்போது

வழியில் பழைய ஜீப்புகளும் அக்காலச் சீருடை அணிந்தவர்களும் எதிர்ப்படுவார்கள். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். ஈழத்திலிருந்து வந்து ஐரோப்பாவில் வாழ்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும்: சீருடையும் ராணுவ வண்டிச் சத்தமும் பழையதைக் கிளறக்கூடும். மனம் ஒப்பவில்லையென்றால் கூட்டத்தோடு போகாமல், வேறொரு நாளில் அதே வழியில் அமைதியாக நடக்கலாம். அந்த நினைவும் இதே மதிப்புடையதுதான்.

அந்த ஆண்டுப் பாதையில் வராவிட்டாலும் புவா ஜாக் காட்டுக்குத் தனியாகப் போய்வாருங்கள். ஃபுவா கிராமத்துக்கு மேலே உள்ள ஊசியிலைக் காடு அது. உள்ளே சில அடி நடந்தாலே தரையில் பள்ளங்கள் தெரியும். இன்று ஆழம் குறைந்து, அடியில் பழுப்பு இலைகள் மெத்தென்று கிடக்கும். அவைதான் அன்றைய பதுங்குகுழிகள். உறைந்த மண்ணைக் கைமண்வெட்டியால் கொத்தி வெட்டியவை. குண்டுகள் மர உச்சியில் வெடித்து, இரும்புத் துண்டுகளும் மரச்சிம்புகளும் மேலிருந்து பொழிந்ததால் குழிக்கு மேலே மரக்கட்டைகளை அடுக்கி மூடினார்கள். காட்டின் ஓரத்தில் நின்றால் கீழே ஃபுவாவின் கூரைகள் தெரியும். இடையில் வெறும் வயல். ஜனவரி 13 அன்று ஜெர்மானியர் கையில் இருந்த ஃபுவாவைப் பிடிக்க, அந்தத் திறந்த வெளியைத்தான் அமெரிக்க வீரர்கள் பனியில் ஓடிக் கடந்தார்கள். அங்கே ஐந்து நிமிடம் நின்று, ஒளிந்துகொள்ள ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

குழிக்குள் இறங்காதீர்கள், ஓரங்கள் சரிந்துவிடும். துருப்பிடித்த இரும்பு எது தென்பட்டாலும் தொடாதீர்கள். வெடிக்காத குண்டுகள் பெல்ஜிய மண்ணில் இன்னும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன.

எம்ரூல் கிராமம் வழியில் வந்தால் நின்று போங்கள். வெள்ளைப் பனியில் மறைந்துகொள்ள வீரர்களிடம் எதுவும் இல்லாதபோது, அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றைக் கேட்டு வாங்கிய அதிகாரி ஜான் ஹான்லன் 1948-இல் அமெரிக்காவிலிருந்து விரிப்புகளோடு திரும்பி வந்து ஊராருக்குக் கொடுத்தார். முற்றுகைக்கு நடுவே குளிரில் இருந்தவர்கள் தங்கள் படுக்கை விரிப்புகளைத் தந்ததை, இந்தப் போரின் எந்த வெற்றியையும்விடப் பெரிதாக நினைக்கிறேன்.

படி 6: நடை முடிந்த பிறகு

ஊருக்குள் மெக்காலிஃப் சதுக்கத்தில் ஒரு ஷெர்மன் டாங்கி நிற்கிறது. இந்த நினைவு நாட்களில் நகர மன்றத்தின் மாடத்திலிருந்து கூட்டத்தை நோக்கி அக்ரூட் கொட்டைகளை வீசுவார்கள். மெக்காலிஃப் சொன்ன அந்தப் பதிலின் நினைவாக. பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். நொஃப்ஷத்தோ தெருவில் சிகிச்சை நிலையம் இருந்த இடத்தில் நினைவுப் பலகை இருக்கிறது. தேடிப் போய் வணங்கிவிட்டு வாருங்கள்.

ஊருக்கு வெளியே மேட்டில் நட்சத்திர வடிவத்தில் மார்தாசோன் நினைவுச்சின்னம் இருக்கிறது. 1950-இல் திறந்தார்கள். உயிரிழந்த, காயமடைந்த, காணாமல்போன அமெரிக்கர்களின் எண்ணிக்கையாக 76,890 என்று அங்கே பொறித்திருக்கிறார்கள். பக்கத்திலேயே போர் அருங்காட்சியகம். அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். நடந்த அன்றே பார்க்க முயன்றால் களைப்பில் எதுவும் மனதில் நிற்காது. ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஞாயிறு நேரம் இருந்தால் ரெகோன் ஜெர்மன் கல்லறைக்கும் போங்கள். ஏறத்தாழ 6,800 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். சிலுவைகளில் உள்ள தேதிகளைக் கழித்துப் பார்த்தால் பலருக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. கார் இல்லாதவர்கள் ஊரிலிருந்து டாக்ஸி பேசிக்கொள்ளலாம். லிப்ராமோன் பேருந்துக்கு நேரம் விட்டு, அரை மணி நேரம் முன்னதாகவே ஊருக்குள் திரும்பிவிடுங்கள்.