புது மடிக்கணினி வந்தாச்சு, பழையதை உடனே விற்காதீங்க

கோலாலம்பூரில், கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் வாங்கிய புதுசைப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் வைத்த அன்றே பழையதை விற்றேன். அம்மாவின் சமையல் குறிப்புகள் அதோடு போயின. நீங்கள் ஒரு மாதம் பொறுங்கள்.

கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, நாலைந்தையாவது திறந்து பாருங்கள். யூனிகோடுக்கு (இப்போது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) முந்தைய தமிழ்க் கோப்புகள் பழைய எழுத்துரு இல்லாமல் கிறுக்கலாகத்தான் தெரியும். பழைய கணினியிலேயே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

மேக் என்றால் அஞ்சல், தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகைகள் இரண்டும் உள்ளேயே உண்டு. அமைப்புகளில் சேர்த்தால் போதும். (அஞ்சல் நம்ம மலேசியாவின் முத்து நெடுமாறன் கைவண்ணம். எனக்கு அதில் தனிப் பெருமை.)

நாள் முழுக்கச் சார்ஜரிலேயே இருந்தால், 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருக்கிறதா பாருங்கள். சாயங்காலம் இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். தே தாரிக் (நம்மூர் ஆற்றிய பால் தேநீர்) மேசையின் மறுகோடியில் இருக்கட்டும். அது கொட்டியதில், அஞ்சலில் ‘ழ’ அடிக்கும் என் இஸட் விசை இன்னும் ஒட்டுகிறது.